உயிரோடு இருக்கும் வேலை

மலாயாவில் லாபிஸ் ஸ்டேஷனிலிருந்து தண்டவாளத்தை ஒட்டித் தெற்கே நடந்தால் ஒரு சிற்றாறு வரும். அதன் மரப்பாலத்தைத் தாண்டியதும் தகரக் கூரை போட்ட நீளமான வீடு ஒன்று அந்த நாளில் இருந்தது. சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களின் துரைமார் ஒரு கமிட்டி அமைத்து, வேலை செய்ய முடியாமல் போன கிழங்களுக்காக 1927இல் கட்டிய வீடு. வாசல் பலகையில் 'முதியோர் விடுதி' என்று எழுதியிருந்தது. தோட்டத்து ஜனங்கள் அதை 'மூணு மாச வீடு' என்றார்கள். உள்ளே போனவர் யாரும் நாலாம் மாதத்தைப் பார்த்ததில்லை என்பது பேச்சு. இது கொஞ்சம் மிகை. இரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

வீட்டில் என்ன குறை என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. காற்றோட்டம் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்தது. மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசர் அமலநாதன் பொறுமையானவர். ஒரு கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவும்போதே, சீழ் எப்படி உண்டாகிறது என்று நோயாளிக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்படியிருந்தும் ஆட்கள் ஏன் வந்த வேகத்திலேயே போனார்கள் என்பது புரிய வேண்டுமானால், ஒரு தோட்டத்தில் மனிதன் எப்படிக் கிழவனாகிறான் என்பதைப் பார்க்க வேண்டும்.

விடிவதற்கு முன்பே தோட்டத்தில் தொங்கும் இரும்புத் துண்டை அடிப்பார்கள். உடனே எல்லோரும் திடலுக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். இதற்குப் பெரட்டு என்று பெயர். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று சொன்னவருக்கு அன்றைய வேலை. முழு வேலை செய்தால் ஒரு பேர் போடுவார்கள். பாதி செய்தால் அரைப் பேர். இதில் ஒரு சட்டமும் உண்டு. பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒருவர் ஆளை ஒருவர் ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்ததால், பெரட்டில் பேர் சொல்லிவிட்ட ஆளை அன்று பொழுது சாயும் வரை வேறு எவரும் எடுக்கக் கூடாது, துரையே ஆனாலும் இடம் மாற்றக் கூடாது என்று கமிட்டித் தலைவர் ஹார்ட்லி துரை எல்லாத் தோட்டங்களையும் ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். அவருடைய வாழ்நாள் சாதனை அது.

மரம் வெட்டிப் பாலெடுக்க முடியாமல் போனவரைக் கங்காணி புல் பிடுங்க அனுப்புவார். அதுவும் முடியாதவருக்கு அரைப் பேர் போட்டு விதை பொறுக்கச் சொல்வார். நிற்க முடிகிற வரை விடமாட்டார். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஒருநாள் அந்த ஆள் வரிசையிலேயே சாய்வார். அப்போது ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கோ, தன் கட்டிலில் யாரும் சாகக் கூடாது என்பது கௌரவம். கால் வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்கியதும், 'ஓய்வு தேவை' என்று எழுதி மாட்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஓட்டை வாளியில் பால் சுமந்து கைமாற்றிக்கொண்டே வந்தால் கடைசி ஆளுக்கு என்ன கிடைக்குமோ, அதுதான் அமலநாதனுக்குக் கிடைத்தது. பாலைக் கொட்டியவன் என்ற பேரும் அவருக்கே.

இதெல்லாம் யாரையும் உறுத்தவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பாதிரியார் சாப்பாட்டு மேசையில் ஹார்ட்லி துரையைப் பார்த்து, "உங்கள் விடுதியில் சேர்ந்தவர்கள் சராசரியாக எவ்வளவு காலம் வாழ்கிறார்கள்?" என்று கேட்டதுதான் வினையாகப் போயிற்று. துரை பதில் சொல்ல நேர்ந்தது.

மறுவாரம் கமிட்டிக்குக் கணக்கெழுதும் கிராணியான தோமஸ் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"டிரசரய்யா, வருஷத்துக்குள்ள சராசரி ரெண்டு பங்காகணுமாம். இல்லாட்டி வீட்ட மூடிட்டு ரப்பர் ஷீட்ட உலத்தற புகைவீடா ஆக்கிடுவாங்களாம். அது இருக்கட்டும், சராசரின்னா என்னன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க. துரை சொன்னப்போ தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

யாராவது தன்னிடம் விளக்கம் கேட்டால் அமலநாதனுக்கு முகம் மலர்ந்துவிடும். "உக்காருங்க. நேத்து ராத்திரி நான் நாலு ஆப்பம் சாப்பிட்டேன். நீங்க?"

"எனக்குக் காய்ச்சல். ஒண்ணும் சாப்பிடல."

"அப்ப சராசரியா நாம ஆளுக்கு ரெண்டு ஆப்பம் சாப்பிட்டிருக்கோம்."

தோமஸ் யோசித்தார். "என் காய்ச்சல் ரிப்போர்ட்ல வராதா?"

"வராது."

"துரைமாருக்கு இது ஏன் பிடிச்சிருக்குன்னு இப்பத் தெரியுது."

"இன்னொண்ணும் இருக்கு. பத்துப் பேரு வந்த உடனே போனாலும், ஒரே ஒரு ஆளு வருஷக்கணக்கா உக்காந்திருந்தா போதும். அந்த ஒரு ஆளு அத்தன பேரையும் சேத்துத் தூக்கிடுவாரு. நமக்கு வேண்டியது, வயசான, ஆனா சாகற உத்தேசம் இல்லாத ஒருத்தர்."

அப்படி ஒருவரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் காளியப்பன் கங்காணி தயாராக வைத்திருந்தார். கருப்பாயிக்கு அறுபது தாண்டியிருந்தது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வலது முழங்கால் மடங்காது. மற்றதெல்லாம், முக்கியமாக வாய், நன்றாக வேலை செய்தது. பெரட்டில் கங்காணி அரைப் பேர் போட்டால், எந்த அரை, மேலரையா கீழரையா என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள். தலைக்காசு போனாலும் போகட்டும் என்று காளியப்பன் அவளை வண்டியேற்றினார். ஒரு தகரப் பெட்டி, இரண்டு கோழிகளுடன் வந்து இறங்கினாள்.

"கருப்பாயம்மா, இங்க உங்களுக்கு ஒரே வேலைதான்," என்றார் அமலநாதன்.

"சொல்லுங்கய்யா."

"உயிரோட இருக்கணும்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு பாய்கள். எல்லாவற்றிலும் ஆட்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். "அதுக்கு முழுப் பேரா, அரைப் பேரா?"

"இங்க பேரெல்லாம் கெடையாதும்மா. சோறு உண்டு, மருந்து உண்டு. நாள் பூரா படுத்துக்கலாம்."

"படுத்துக் கெடந்தா சோறு போடுற தொரைய நான் கண்டதில்ல. எங்கயோ இடிக்குது."

இடித்த இடம் மறுநாளே தெரிந்தது. அவள் வண்டியேறிய அன்று மாலையே, கப்பலில் வந்திறங்கிய ஒரு புது ஜோடிக்குக் காளியப்பன் லயத்து வரிசையில் அவள் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டார். அரிசி கொண்டுவந்த வண்டிக்காரன் சொன்னான். திரும்பிப் போனால் தலை சாய்க்க ஓரிடம் இல்லை. அதோடு சேர்த்து, சராசரி ஏறாவிட்டால் இந்த வீடும் போய்விடும் என்பதை அமலநாதன் அவளுக்கு ஆப்பக் கணக்கோடு விளக்கினார்.

"இத மூடிட்டா நான் எங்கய்யா போறது? ரப்பர் ஷீட்டோட புகையில தொங்கவா?"

அவர் எழுந்து போய் அவள் கோழிகளை அடைக்க ஒரு கூடை தேடினார்.

அடுத்த நாள் விடிவதற்கு முன், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இரும்பை அடித்த சத்தம் காற்றோடு வந்தது. கருப்பாயி எழுந்தாள், முகத்தில் தண்ணீரை அடித்தாள், தலையில் துணியைக் கட்டினாள், முற்றத்தில் போய் நின்றாள். பாதி விழித்தபின்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கூப்பிட யாருமில்லை. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. நின்றதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, உள்ளே பார்த்து அவளே கூப்பிட ஆரம்பித்தாள். முந்தின நாள் தெரிந்துகொண்ட பேர் ஒன்றுதான்.

"சதாசிவம்."

சதாசிவம் பதினைந்து நாளாகப் பாயை விட்டு எழாதவர். ஆனால் நாற்பது வருடமாக அந்த இருட்டில் அப்படிப் பேர் கூப்பிடும் குரலுக்கு ஒரே பதில் சொன்னவர். வாய் தானாகத் திறந்தது.

"இருக்கேன்."

"இருந்தா வெளிய வந்து நில்லுய்யா. பாயில படுத்துக்கிட்டா பேரு சொல்லுவாங்க?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே ராசம்மா என்ற கிழவி, பிறகு இன்னும் மூன்று பேர். எழ முடியாதவர்கள் உள்ளிருந்தே குரல் கொடுத்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது என்பதால் கருப்பாயி வேலை பிரித்தாள். அரிசியில் கல் பொறுக்க இருவர். கோழிகளை யாரும் துரத்தாமல் பார்த்துக்கொள்ள ஒருவர். சதாசிவத்துக்கு, ரயில் போகும்போதெல்லாம் அது நேரத்துக்குப் போகிறதா, தாமதமா என்று சொல்லும் வேலை. அவரிடம் கடிகாரம் இல்லை. அதனால் எந்த ரயிலும் அவருக்குத் தாமதம்தான். திட்டிக்கொண்டே பொழுது போயிற்று.

அமலநாதன் இதைத் தடுக்கவில்லை. அவருக்கு இதில் ஒரு வசதி தெரிந்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பான கொய்னா மாத்திரையைக் கிழங்கள் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, அவர் திரும்பியதும் துப்பிவிடும். பெரட்டு வரிசையில் துப்ப முடியாது. பக்கத்தில் நிற்பவர் பார்ப்பார், கருப்பாயி கேட்பாள். ஆகவே அவர் வரிசையிலேயே மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் குறைந்தது. காய்ச்சல் குறையப் பசி வந்தது. பசி வந்ததும், பொறுக்கிய அரிசியில் கல் இருக்கிறதென்று சண்டை வந்தது. சண்டைக்கு நடுவில் சாக யாருக்கும் நேரமில்லை.

கருப்பாயியின் விளக்கம் வேறு. "எமன் விடியக்காலைலதான் ஆள் எடுக்க வர்றான். பேரு போடாம படுத்துக் கெடக்கறவன்தான் அவனுக்கு வசதி. பேரு சொல்லிட்டா சட்டப்படி அன்னிக்குத் தொட முடியாது."

"எமன் நம்ம கமிட்டியில இருக்கானா, கருப்பாயம்மா?"

"எல்லாத் தோட்டமும் ஒத்துக்கிட்ட சட்டமாச்சேய்யா."

அதற்காக யாரும் சாகாமல் இல்லை. ஆனால் மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுப் போனார்கள். செத்தவர் பேரைக் கருப்பாயி மறுநாள் காலையில் கடைசியாக ஒருமுறை கூப்பிடுவாள். பதில் இல்லாமல் கொஞ்சம் நிற்பாள். பிறகு பேரேட்டோடு நிற்கும் அமலநாதனிடம், "முழுப் பேரு போட்டு வெட்டிடுங்க," என்பாள். கல் பொறுக்கியபடியே போன ராசம்மாவுக்கும் அப்படித்தான் முழுப் பேர் கிடைத்தது.

வருட முடிவில் சராசரி ரெண்டு பங்கைத் தாண்டி எங்கோ போயிருந்தது. ஹார்ட்லி துரை அதை மூன்று விருந்துகளில் சொன்னார். நாலாவது விருந்தில் பக்கத்துத் தோட்டத்துத் துரை, "எங்கள் கிழங்களை அனுப்ப அங்கே இடமே காலியாவதில்லையே," என்று முறையிட்டார். இன்னொருவர், "சாகாதவர்களுக்கு எதற்கு விடுதி?" என்றார். இதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. போன வருடம் சீக்கிரம் செத்ததற்காக மூட இருந்த வீட்டை, இந்த வருடம் சாகாததற்காக மூடலாமா என்று பார்த்துவர ஹார்ட்லி துரையே கிளம்பினார்.

தோமஸ் முந்தின நாளே வந்து காதில் போட்டார். "நாளைக்குக் காலைல துரை வர்றாரு. எல்லாரும் திடமா இருந்தா தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிடுவாராம். சொல்லிட்டேன்."

கருப்பாயி எல்லோரையும் உட்கார வைத்தாள். "நாளைக்குப் பெரட்டு இல்ல. எல்லாரும் படுத்துக் கெடக்கணும். தொரை வந்தா முனகணும்."

"எப்படி முனகறது?" என்றார் சதாசிவம்.

"வந்த புதுசுல முனகினியே, அதுமாரி."

"அப்ப நெசமாவே வலிச்சுது தாயி."

"இப்ப தோட்டத்துக்கு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சுக்கோ. வலிக்கும்."

விடியற்காலையில் பதினோரு பேரும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். அமலநாதனே பார்த்து மெச்சும்படி இருந்தது. அப்போது ஆற்றுக்கு அப்பால் இரும்பை அடித்தார்கள்.

சதாசிவத்தின் கால் முதலில் அசைந்தது. "படுய்யா," என்று சீறினாள் கருப்பாயி.

"பேரு போயிருமே," என்றபடி அவர் எழுந்துவிட்டார். அடுத்தவர் எழுந்தார். ஒருவர் நின்றால் மற்றவரால் படுத்திருக்க முடியாது. பெரட்டு என்பது அப்படிப் பழக்கப்பட்ட ஒன்று. அவர்களைத் தடுக்கப் பின்னாலேயே ஓடிய கருப்பாயி, முற்றத்துக்கு வந்து பார்க்கும்போது தானும் தலையில் துணி கட்டி வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். துரையின் கார் இன்னும் வரவில்லை. பாலத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு பேரையும் விடாமல் கூப்பிட்டு முடித்தாள். கடைசி 'இருக்கேன்' ஒலித்தபோது கார் விளக்கு முற்றத்தில் விழுந்தது.

துரை இறங்கி வரிசையைப் பார்த்தார். தோட்டத்தில் இருபது வருடம் இருந்தவர் அவர். அவருக்கு மனிதர்கள் இரண்டு வகை: வரிசையில் நிற்பவர்கள், நிற்காதவர்கள். நிற்பவர்கள் வேலையாட்கள். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"நல்லா நிக்குது," என்றார் தோட்டத் தமிழில். "எல்லாம் இன்னிக்கே தோட்டத்துக்குப் போ. வீடு மூடு."

கருப்பாயி தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

"போறோம் தொரை. ஆனா இன்னிக்கு முடியாது."

"ஏன்?"

"பேரு கூப்பிட்டாச்சு. எல்லாரும் இருக்கேன்னு சொல்லிட்டாங்க. பேரு சொன்ன ஆள அன்னிக்கு எடம் மாத்தக் கூடாது. தொரையே ஆனாலும் கூடாது. தொரை போட்ட சட்டந்தானே?"

துரை தோமஸைப் பார்த்தார். தோமஸ் அதை இங்கிலீஷில், கொஞ்சமும் இனிப்புச் சேர்க்காமல் சொன்னார். துரையின் கழுத்து சிவந்தது.

"சரி. நாளைக்குப் போ."

"நாளைக்கும் விடியுமுன்ன கூப்பிட்டுருவேனே தொரை."

அப்போது துரையின் மனதுக்குள் ஓடியது என்ன என்பது ஒன்றும் ரகசியமல்ல. அந்தச் சட்டத்தை நிலைநாட்ட அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. போன மாதம்தான் பக்கத்துத் தோட்டத்துத் துரையை அதே சட்டத்தின் கீழ் மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார். இன்று கல் பொறுக்கும் கிழங்களுக்காகத் தாமே அதை மீறினால், நாளைக்கு அந்தத் துரை இவருடைய மரம் வெட்டும் ஆட்களை ஒரு லயம் விடாமல் அள்ளிக்கொண்டு போவார்.

அவர் வரிசைக்கு முன்னும் பின்னும் நடந்தார். பிறகு நின்று, ஒவ்வொன்றாகத் தோமஸிடம் சொன்னார். பேர் சொன்னவர்கள் வேலையாட்கள். வேலையாட்கள் இருக்கும் இடம் விடுதி ஆகாது. ஆகவே இது விடுதி அல்ல, தோட்டத்தின் ஒரு பிரிவு, ஒரு டிவிஷன். இதன் வேலை, ஆஸ்பத்திரி அரிசியில் கல் பொறுக்குவது. டிவிஷன் என்றால் கங்காணி வேண்டும்.

"யாரு கங்காணி?"

"நான்தான் தொரை," என்றாள் கருப்பாயி, வேறு யாராவது வாயைத் திறப்பதற்குள்.

அந்த வருட ரிப்போர்ட்டைத் தோமஸ்தான் எழுதினார். முதியோர் விடுதியில் தங்கியிருப்போர்: எவருமில்லை. மரணம்: எதுவுமில்லை. கமிட்டி கைதட்டி ஏற்றுக்கொண்டது. பாதிரியாருக்கு ஒரு பிரதி போயிற்று. வாசல் பலகையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 'நாலாம் டிவிஷன்' என்று எழுதினார்கள். மற்றபடி அதே பாய், அதே கிணறு, அதே கோழிகளின் பேரப்பிள்ளைகள்.

ஆனால் ஒன்று மாறியது. அமலநாதன் அதை எல்லோரிடமும் விளக்கிச் சொல்வார். 'மூணு மாச வீட்டுக்கு'ப் போகச் சொன்னால் கிழங்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டிருந்தன. டிவிஷன் மாற்றம் என்றதும் சொந்தக் காலில் நடந்து வந்தன. கீழே விழுந்தபின் வண்டியில் வருபவரும், நிற்க முடிகிறபோதே நடந்து வருபவரும் ஒன்றல்ல. வந்தபின் எவ்வளவு காலம் இருப்பார் என்பதில் பாதி, எப்போது வருகிறார் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி கொய்னாவா பெரட்டா என்பதில் அவருக்கும் கருப்பாயிக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

1934இல் ஹார்ட்லி துரை ஓய்வு பெற்றுச் சீமைக்குக் கப்பலேறினார். அவர் போன பிறகும் கருப்பாயி கங்காணியாகவே இருந்தாள். இடது முழங்காலும் மடங்காமல் போனதால் முக்காலியில் உட்கார்ந்து பேர் கூப்பிட்டாள். ஒருநாள் சாயங்காலம் தோமஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஹார்ட்லி துரை போயிட்டாராம். கடலோரத்துல, வயசான துரைமாருக்குன்னே ஒரு விடுதியாம். அதுல போய்ச் சேந்தாராம். முழுசா மூணு மாசம்கூட இல்லையாம்."

"என்ன சீக்கு?" என்று கேட்டார் அமலநாதன்.

"ஒண்ணும் இல்லையாம். நல்ல சாப்பாடு, நல்ல அறை, வேலைக்கு ஆளு. நாள் பூரா நாற்காலியில உக்காந்து கடலப் பாத்துக்கிட்டு இருந்தாராம்."

கருப்பாயி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். "காலைல அங்க இரும்பு அடிக்க மாட்டாங்களா?"

"சீமையிலயா? மணியடிச்சுத் தேத்தண்ணி குடுப்பாங்களாம்."

"பேரு?"

"பேரெல்லாம் யாரு கூப்பிடறாங்க."

மறுநாள் காலை வரிசையில் எல்லாப் பேரும் முடிந்தபிறகு, அவள் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹார்ட்லி தொரை," என்று கூப்பிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. வழக்கம்போலக் கொஞ்ச நேரம் விட்டார்கள். தூரத்தில் ரயில் ஒன்று போயிற்று. சதாசிவம் அது தாமதம் என்றார்.

அமலநாதன் பென்சிலை எடுத்துக்கொண்டு அருகில் வந்தார். "முழுப் பேரா, கருப்பாயம்மா?"

அவள் யோசித்தாள். "வேல செஞ்சாரா?"

"இல்ல. கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாராம்."

"அப்ப அரைப் பேரு போட்டு வெட்டுங்க," என்றாள். "சரி, போங்க, போங்க. அரிசி வந்தாச்சு."